மூடிய பஞ்சாரம்

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குச் செங்கமலத்தம்மாள்தான் குரு. சீடர் தணிகாசலம் அவரைவிட மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு மலையேறி வந்தவர்.

அன்று மதியத்துக்கெல்லாம் மூடுபனி முற்றத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ராத்திரி உறைபனி விழும் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

கால் திருகிப் பிறந்த சாம்பல் கோழி ஒன்று தணிகாசலத்தின் பொறுப்பில் இருந்தது. மற்றக் கோழிகளோடு கம்பில் ஏறி அடைய அதனால் முடியாது. கீழே கிடந்தால் அவை கொத்திவிடும்.

சமையலறை மூலையில் உமியைப் பரப்பி, கோழியை விட்டு, மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போர்த்தினார். போர்த்திய கையோடு விலக்கிப் பார்த்தார். கோழி கண்ணை மூடியிருந்தது. விரலால் தொட்டார். திறந்தது.

"இருக்கு" என்றார், யாரிடமோ.

சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார். பிறகு மறுபடி. பார்க்கப் பார்க்கக் கோழியின் நடுக்கம் கூடிக்கொண்டே போனது. அதைக் கண்டு அவர் கை இன்னும் அடிக்கடி சாக்குக்குப் போனது.

"கண்டக்டர்னு சொன்னாங்க. செக்கர் மாதிரி இல்ல இருக்கு!" அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்த குரு சிரித்தார்.

"போயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

"நீங்களே நடுங்குறீங்க. கம்பளியைப் போர்த்திக்கிட்டு இப்படி உட்காருங்க."

உட்கார்ந்தார். உடம்பில் மெல்லச் சூடு ஏறியது. கண் சொருகியது.

சரேலென்று கம்பளி விலகியது. குளிர் முதுகில் அறைந்தது.

"தணிகாசலம், உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேம்மா..."

குரு போர்த்திவிட்டுப் போனார். மறுபடி சூடு ஏறுகிற நேரம் மறுபடி கம்பளி விலகியது.

"இருக்கீங்களா?"

அடுத்த முறை அவருக்குப் பல் கிட்டிவிட்டது. கோபமும் வந்தது.

"என்னம்மா இது! சும்மா விட்டாத்தானே சூடு தங்கும்?"

மெதுவாகப் பஞ்சாரத்தின் பக்கம் திரும்பினார்.

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் கட்டிலை விட்டு நகரவே இல்லை. ஒரே ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்னு கீழே இறங்கினேன். திரும்பி ஏறி வர்றதுக்குள்ள..."

குரு டீயை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

வெளியே வெளிச்சம் குறைந்தது. ஜன்னல் கண்ணாடி பனியில் வெளுத்தது. பஞ்சாரத்துக்குள் அசைவே இல்லை. தணிகாசலத்தின் கை தானாக எழுந்து சாக்கின் ஓரம் வரை போனது.

அந்தக் கையில் குரு டீ டம்ளரை வைத்தார்.

"உள்ள சத்தமே இல்லம்மா."

"ஆறிடும். குடிங்க."