செவலையின் வயிற்றில் பூச்சி

செவலைக் கோழிக்குச் சில நாட்களாக இரை இறங்கவில்லை. கொண்டை வெளுத்துவிட்டது. இறக்கைகள் தொங்கிவிட்டன. கம்புமணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. குஞ்சுகளோ பசியோடு அதன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு செவலையின் எச்சத்தைப் பார்த்துவிட்டது. நூல்நூலாக ஏதோ நெளிந்தது.

"அடியே செவலை! உன் வயித்துல பூச்சி இருக்குடி!"

"பூச்சியா! என் வயித்துலயா! நெசமாவா!"

செவலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவம், அதற்குத் தெரிந்த பூச்சியெல்லாம் குப்பைமேட்டில் கிளறி, கொத்தி, விழுங்குகிற பூச்சிதான். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கால் நோகக் கிளறினாலும் அரை வயிறுதான் நிறையும். இப்போதோ பூச்சி தானாகவே வயிற்றுக்குள் குடிவந்துவிட்டது!

"அதான் பசிக்கலை! சாப்பாடுதான் உள்ளேயே இருக்கே!"

"மக்கு! வேப்பங்கொழுந்தைத் தின்னு. எல்லாம் வெளியே வந்துடும்."

"வெளியே வரணுமா? என் பூச்சி மேல உனக்கு என்னடி பொறாமை?"

வெள்ளாடு தலையை ஆட்டிக்கொண்டு மேயத் திரும்பியது.

வேலி ஓரத்தில் இருந்த கீரி இதையெல்லாம் கேட்டது. குஞ்சுகள் மேல் அதற்கு வெகுநாளாகக் கண். செவலையின் அலகுக்குப் பயந்துதான் எட்டி நின்றது.

"எத்தனை கோழிக்கு அக்கா இந்தக் கொடுப்பினை!" என்று குழைந்தது கீரி. "இனிமே கிளறுவானேன்? கண்ணை மூடிப் படு. வேப்பிலையை மட்டும் தொட்டுடாதே, விருந்து கெட்டுப்போயிடும்!"

"பார்த்தியா, நல்லது நினைக்கிறவங்களும் இருக்காங்க!" என்று வெள்ளாட்டைக் குத்திக்காட்டிவிட்டுச் செவலை படுத்துக்கொண்டது.

படுத்தது படுத்ததுதான். நாளுக்கு நாள் உடம்பு காற்றாகிப் போயிற்று. ஒருநாள் மதியம் கீரி ஒளியாமல், மறையாமல், நேராகவே உள்ளே வந்தது. ஒரு குஞ்சின் இறக்கையைக் கவ்வியது.

"ஐயோ, என் புள்ளை!"

செவலை எழுந்தது. கால் மடங்கிக் குப்புற விழுந்தது. இறக்கையை அடித்துப் பார்த்தது, உடம்புதான் அசையவில்லை.

நல்லவேளை, வெள்ளாடு தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்தது. விட்டது ஒரு முட்டு! கீரி குஞ்சைப் போட்டுவிட்டு வேலிக்கு அப்பால் உருண்டது.

"இத்தனை பூச்சி உள்ளே இருந்தும் எனக்கு ஏன் தெம்பே வரலை?" என்று செவலை விம்மியது.

"நீயா அதைத் தின்னே? அதுதான்டி உன்னைத் தின்னுக்கிட்டிருக்கு!"

செவலை தட்டுத்தடுமாறிப் போய் வேப்பங்கொழுந்தைக் கொத்தியது. கசப்பு கொண்டைவரை ஏறியது. "தூ!" என்றது. மறுபடியும் கொத்தியது. குஞ்சின் இறக்கையைப் பார்த்துப் பார்த்து, தினமும் விழுங்கியது. பூச்சியெல்லாம் கழிந்து விழுந்தது.

ஒருநாள் காலையில் ஒரு வெட்டுக்கிளி தத்திப் போயிற்று. குஞ்சுகள் பாய்ந்தன.

"தள்ளுங்கடா! இன்னைக்கு அம்மாவுக்குப் பசிக்குது!" என்று கத்திக்கொண்டு செவலை ஓடிய ஓட்டத்தில் கொல்லையே புழுதியாயிற்று.

நம் நோயைக் கேட்டு நம்மைவிட அதிகமாக மகிழ்கிறவனிடம் ஒருபோதும் வைத்தியம் கேட்கக் கூடாது.