பவுனு கவிழ்த்த குடம்

துரைக்கண்ணு மேஸ்திரியிடம் பன்னிரண்டு வருஷமாகக் கலவையும் தண்ணீரும் சுமந்த சித்தாள் பவுனு, ஒருநாள் காலையில் தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள்.

“மேஸ்திரி, நான் கொத்து வேலை கத்துக்கப் போறேன். கத்துக்கிற நாளுக்கும் கூலி வேணும்.”

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீடு கட்டுகிற வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார், மேஸ்திரி சும்மா விடுவாரா?

“கூலியோடயா? நான் செஞ்ச வேலையில ஒரு குத்தம் காட்டு, இன்னிக்கே கொத்துக்கரண்டி தர்றேன். ஆனா மட்டப்பலகை, தூக்குக்குண்டு எதையும் தொடக் கூடாது. அதெல்லாம் கொத்தனார் சாமான்!”

“சரி” என்றாள் பவுனு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி போன வாரம் தரை போட்ட குளியலறைக்குப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போய் வாசலில் நின்றார்கள். குடத்தை அப்படியே கவிழ்த்தாள்.

தண்ணீர், அது வெளியேற மூலையில் விட்டிருந்த ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு ஓடிவந்து மேஸ்திரியின் செருப்பை நனைத்தது. தரையில் தண்ணீர் ஓடும் வாட்டம் தலைகீழ்! தரை இறுகத் தினமும் தண்ணீர் விட்டவளுக்குத் தெரியாதா?

“உடைச்சிட்டு மறுபடி போடுய்யா!” என்று கத்தினார் வீட்டுக்காரர்.

பவுனு கையை நீட்டிக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“அப்போ கலவையை யாரு சுமக்கிறது?” என்று முனகினார் மேஸ்திரி.

பவுனு சும்மாட்டுத் துணியை எடுத்து அவர் தோளில் போட்டாள்.