ஈரத்துணிச் சட்டம்

முன்னொரு காலத்தில், வழக்கு விசாரணை என்றாலே கொட்டாவி விடும் ராஜா ஒருவர் இருந்தார். வேட்டை, விருந்து, யானை ஊர்வலம் எல்லாம் அவருக்குப் பிடிக்கும். வாதியும் பிரதிவாதியும் எதிரே வந்து நின்றால் மட்டும் கண் செருகிவிடும். ஒருநாள் சபையில் அவர் திடீரென்று எழுந்து, "இனிமேல் நான் வெற்றிலையை வாயில் போட்டால், அதை மென்று துப்புவதற்குள் வழக்கு முடிந்திருக்க வேண்டும். அதற்கேற்ற சாட்சிச் சட்டம் ஒன்று செய்யுங்கள்" என்று உத்தரவு போட்டார்.

பிரதானி நாகபூஷணம் முன்னால் வந்தார். சட்டங்களையெல்லாம் எழுதுகிறவர் அவர்தான். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்கிறவனுக்கு அந்த உரிமையாவது இருக்க வேண்டும்.

"மகாராஜா, கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்வது நம் ஜனங்களின் வழக்கம். அதையே சட்டமாக்கிவிடலாம். ஈரத்துணியில் நின்று மூன்று பேர் ஒன்றைச் சொன்னால், அது உண்மை. அவர்களை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. கேள்வி கேட்டால் சத்தியத்தை அவமதித்ததாக ஆகும்" என்றார்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றே பறை அறைந்து அறிவித்துவிட்டார்கள்.

அதன்பிறகு கோயில் குளத்துப் படிக்கட்டு காயவே இல்லை. வரப்புத் தகராறுக்காரன் மாமனையும் மச்சானையும் இழுத்துக்கொண்டு போய் முழுகினான். எவன் முதலில் மூன்று பேரை நனைக்கிறானோ அவன் பக்கம் தீர்ப்பு. உண்மையைப் பேச வந்த கிழவர்கள் குளிருக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிட்டார்கள். ராஜா மட்டும் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நிம்மதியில்தான் இருளப்பன் மாட்டிக்கொண்டான்.

இருளப்பன் அரண்மனை யானை கோமதியின் பாகன். கோமதி வீதியில் பரம சாது. ஊர்வலத்தில் குழந்தைகள் தும்பிக்கையைத் தொட்டாலும் பேசாமல் நிற்கும். ஆனால் தன் கொட்டிலுக்குள் இருளப்பனைத் தவிர ஒரு ஈ காக்கையையும் விடாது. புல் கொண்டுவருகிறவன்கூட வாசலிலேயே புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

விஜயதசமி ஊர்வலம் முடிந்த மறுநாள், கோமதியின் தங்க நெற்றிப்பட்டத்தைக் காணவில்லை. ஆபரணச் சாலை அதிகாரி சிங்காரம், இவர் பிரதானியின் மைத்துனர், பட்டம் தன்னிடம் திரும்பி வரவே இல்லை என்றார். கையோடு மூன்று பேர் ஈரத்துணியில் வந்து நின்றார்கள். "கொட்டிலுக்குள் இருளப்பன் பட்டத்தைக் கழற்றி வைக்கோலில் ஒளித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். தடுத்தோம், தள்ளிவிட்டான்" என்று மூவரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ராஜா வெற்றிலையைத் துப்பினார். அங்குசம் பிடிக்கும் வலது கையை வெட்டிவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

அப்போது சபையில் ஒருவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அரண்மனை விகடகவி ஆண்டியப்பன். அவன் விழுந்தால் ஏதோ வேடிக்கை என்று சபை சிரிக்க ஆரம்பித்தது. எழுந்தபோது அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோனது.

காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஆண்டியப்பன் இந்த ஊருக்குப் பசியோடு வந்து சேர்ந்தான். அரண்மனை வாசலில் காவலர்கள் விரட்டினார்கள். சத்திரத்தில் சோறு தீர்ந்துவிட்டது என்றார்கள். கடைசியில் யானைக் கொட்டில் வாசலில் சுருண்டு விழுந்தான். இருளப்பன் ஒன்றும் விசாரிக்கவில்லை. கோமதிக்கு உருட்டி வைத்திருந்த கவளத்தில், வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த அந்தச் சோற்று உருண்டையில், பாதியைப் பிட்டு அவன் கையில் வைத்தான். பிறகு யானையைப் பார்த்து, "கோவிச்சுக்காத தாயி, விருந்தாளி" என்றானாம். அந்தப் பாதிக் கவளத்தை ஆண்டியப்பன் மறக்கவில்லை. மறக்கிற ஆளாக இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

"மகாராஜா, இந்தச் சாட்சிகளை ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி தரவேண்டும்" என்றான்.

"சட்டம் இடம் தராது" என்றார் நாகபூஷணம். ஆண்டியப்பனை ராஜா பக்கத்தில் உட்கார வைத்துச் சிரிப்பது அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று, "விகடகவிக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லையென்றால், ஆராய்ச்சி செய்து இதைவிட நல்ல சட்டத்தைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் பாகன் கையை இழக்கட்டும், இவர் பதவியை இழந்து நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

ராஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியே ஆகட்டும். ஐப்பசிப் பௌர்ணமி வரை தவணை. ஆனால் பிரதானியின் சட்டத்தை மீறாமல்தான் அதை நீர் மாற்ற வேண்டும்" என்றார். அடுத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

ஆண்டியப்பன் நேரே ஏடுகள் வைத்திருக்கும் மண்டபத்துக்குப் போனான். சாட்சிக்கு எத்தனை லட்சணம், எவன் சாட்சி சொல்லலாம், எவன் சொல்லக்கூடாது என்று சுவடி சுவடியாக இருந்தது. சூதாடி கூடாது, கடனாளி கூடாது, கூத்தாடி கூடாது. படிக்கப் படிக்க, ஊரில் சாட்சி சொல்லத் தகுதியானவன் அந்த ஏட்டை எழுதினவன் ஒருவன்தான் என்று தோன்றியது. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து சந்தைப் பக்கம் நடந்தான்.

அங்கே மோர் விற்கும் தாயம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சேவலைக் காணவில்லை. எதிரே புல்லுக்கட்டுக்கார மூக்கன் அழுவதுபோல் நின்றான். கோமதிக்குப் புல் போடுகிறவன் இவன்தான்.

"உன் சேவலை மூக்கன்தான் அமுக்கிட்டான்" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"நீ பார்த்தியா?" என்று கேட்டாள் தாயம்மாள்.

"பார்த்தேன்னுதான் வச்சுக்கயேன்."

"வச்சுக்கிறதுக்கு அது என்ன ஊறுகாயா? எங்க நின்னு பார்த்த?"

"எங்க வீட்டு வாசல்ல நின்னுதான்."

"என் கோழிக்கூடு உன் வீட்டுக்குப் பின்னால இருக்கு. உனக்கு முதுகுல கண்ணா?"

கடைக்காரி குரலைத் தாழ்த்தி, "எங்க நாத்தனா சொன்னா" என்றாள்.

"அப்ப நாத்தனாவ வரச்சொல்லு. அவ பார்த்ததுக்கு நீ எதுக்குடி வாயைத் தேய்க்கற? மூக்கா, நீ போ. உன்மேல எனக்குச் சந்தேகமில்ல."

மூக்கன் கையெடுத்துக் கும்பிட்டான். அவனைவிடப் பெரிதாக ஆண்டியப்பன் கும்பிட்டான். "ஏட்டுக்கட்டு முழுக்கத் தேடினேன் தாயே, நீங்க மோர்ப்பானைக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க" என்றான். தாயம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

பிறகு சிறைக்குப் போனான். இருளப்பன் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கோமதி சாப்பிடுதா?" என்று கேட்டான்.

"வாசல்ல வைக்கிற புல்லக் கொஞ்சம் எடுக்குதாம். கவளம் தொடலையாம்."

"வெல்லம் கூடப் போடச்சொல்லு சாமி. எனக்காக நீங்க உங்க பொழப்பக் கெடுத்துக்காதீங்க. அன்னைக்குக் குடுத்தது அரைக் கவளம். அதுக்குப் போயி..."

"எனக்கு அது அரை இல்லண்ணே" என்றான் ஆண்டியப்பன்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. விசாரணையை யானைக் கொட்டிலின் முற்றத்தில் வைக்கவேண்டும் என்று ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டான். கோமதி இளைத்துப்போனதில் ராஜாவுக்கும் கவலை இருந்ததால் ஒப்புக்கொண்டார். நாகபூஷணம் சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்தார். சிங்காரம் வந்தார். ஐப்பசி மாதமல்லவா, மழையும் வந்தது.

கொட்டு கொட்டென்று கொட்டியது. ராஜாவின் தலைக்குமேல் வெண்கொற்றக்குடை விரிந்தது. அந்த நாட்டில் ஒரு மரியாதை உண்டு. ராஜாவின் குடை விரிந்த இடத்தில் வேறு எவரும் குடை பிடிக்கக்கூடாது. ராஜாவின் உத்தரவில்லாமல் எவரும் முற்றத்தை விட்டுப் போகவும் கூடாது. ஆக ராஜா ஒருவரைத் தவிர அங்கிருந்த அத்தனை பேரும் தெப்பலாக நனைந்தார்கள்.

இதற்காகத்தான் ஆண்டியப்பன் காத்திருந்தான். தாயம்மாளையும் மூக்கனையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு, வேட்டியைப் பிழியாமல் முன்னால் வந்தான்.

"மகாராஜா, நாங்கள் மூவரும் ஈரத்துணியில் நின்று சொல்கிறோம். நெற்றிப்பட்டத்தை எடுத்தவர் பிரதானி நாகபூஷணம். கண்ணால் பார்த்தோம்" என்றான்.

"ஆமா, பார்த்தோம்" என்றாள் தாயம்மாள்.

"ஆமாங்க" என்றான் மூக்கன்.

நாகபூஷணத்துக்குச் சட்டம், சபை எல்லாம் மறந்துபோனது. "மழையில் நனைந்தவன் எல்லாம் சாட்சியா? துணி ஈரமானால் பொய் மெய்யாகிவிடுமா? மகாராஜா, இவர்களைக் கேள்வி கேட்காமல் எப்படி நம்புவது? எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேளுங்கள்" என்று கத்தினார்.

"பிரதானி சொல்வதே சரி" என்று சிங்காரம் கத்தினார்.

"அதுவே சரி" என்றார் பின்னால் நின்ற இன்னொரு பிரபு. பிரதானி எது சொன்னாலும் அப்படிச் சொல்வது அவருக்குப் பழக்கம்.

ஆண்டியப்பன் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டான். "மகாராஜா, சட்டப்படி முடிந்தது. ஈரத்துணியில் நின்று மூன்று பேர், அதுவும் மூன்று பெரிய மனிதர்கள், சாட்சி சொல்லிவிட்டார்கள். துணி ஈரமானால் பொய் மெய்யாகாது, சாட்சியைக் கேள்வி கேட்டே நம்பவேண்டும், எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்கவேண்டும். பிரதானியின் சட்டத்தை நான் மீறவில்லை. அந்தச் சட்டப்படியே அந்தச் சட்டம் செத்துப்போனது. எங்கள் மூவரையும் கேளுங்கள், நாங்கள் எதையும் பார்க்கவில்லை. சொன்னது பச்சைப் பொய்" என்றான்.

ராஜா வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையைக் கீழே வைத்தார். முதல் தடவையாக ஒரு வழக்கில் அவருக்குத் தூக்கம் கலைந்தது.

"சிங்காரத்தின் மூன்று சாட்சிகளும் முன்னே வாருங்கள். இருளப்பன் பட்டத்தைக் கழற்றியபோது எங்கே நின்று பார்த்தீர்கள்?"

"கொட்டிலுக்குள், யானைக்குப் பக்கத்தில், மகாராஜா" என்றார்கள். அப்படித்தானே ஒப்பித்திருந்தார்கள்.

"நல்லது. அதே இடத்தில் போய் நின்று காட்டுங்கள்."

மூவரும் கொட்டில் வாசலுக்குப் போனார்கள். கோமதி காதை அசைப்பதை நிறுத்தியது. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது, அவ்வளவுதான். முதலில் நின்றவன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்கு நாங்க இந்தப் பக்கமே வரலைங்க. சிங்காரம் ஐயா குளத்துல முழுகிட்டு வரச்சொன்னாங்க, வந்தோம்" என்று அழுதான். சேவகர்கள் போய்த் தேடியதில், சிங்காரத்தின் வீட்டு நெல் குதிருக்குள் பட்டம் கிடைத்தது. மகளுக்கு ஒட்டியாணம் செய்ய உருக்குவதற்கு வைத்திருந்தாராம். அதை மறைக்கத் தன் சட்டமே கைகொடுத்ததைக் கண்ட நாகபூஷணம், சொட்டச் சொட்டத் தலையைக் குனிந்துகொண்டார்.

இருளப்பனின் விலங்கைக் கழற்றினார்கள். ராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடைக்காரனைப் பார்த்து, "குடையை மடக்கு" என்றார்.

மழை ராஜாவின் கிரீடத்தின்மேலும் விழுந்தது. எழுந்து, பட்டெல்லாம் நனையும்வரை நின்றார். "இருளப்பா, நானும் ஈரத்துணியில் நின்று சொல்கிறேன். நீ குற்றமற்றவன். வெற்றிலை துப்பும் நேரத்தில் உன் கையை வெட்டச் சொன்ன குற்றம் என்னுடையது" என்றார்.

ஆண்டியப்பன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தான்.

"மகாராஜா ஒருவர்தானே சொன்னீர்கள். இன்னும் இரண்டு பேர் சொன்னால்தானே பழைய சட்டப்படி செல்லும்?"

ராஜா சிரித்தார். வெற்றிலைச் சிவப்பெல்லாம் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆண்டியப்பா, என் கை ஒரு பாவத்தைச் செய்ய இருந்தது. நீர் தடுத்தீர். உமக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஒரு கிராமம் எழுதித் தருகிறேன். வேறென்ன வேண்டும், கேளும்" என்றார்.

"கிராமத்தைத் தாயம்மாளுக்கும் மூக்கனுக்கும் பிரித்துக் கொடுங்கள், மகாராஜா. பொய்ச்சாட்சி சொல்ல வைத்த பாவத்துக்கு அது கூலி. சட்டமும் தாயம்மாளுடையதுதான்."

அன்றுமுதல் அந்த நாட்டு நியாயசபையில் சாட்சிக்கு முதல் கேள்வி, 'நீ பார்த்தாயா?' இரண்டாவது கேள்வி, 'எங்கே நின்று பார்த்தாய்?' சிங்காரம் சிறைக்குப் போனார். நாகபூஷணம் சட்டம் எழுதுவதை விட்டுக் கோமதிக்குப் புல் சுமந்தார், வாசல்வரைக்கும்தான்.

மழை விட்டதும் இருளப்பன் கொட்டிலுக்குள் போய்க் கவளம் உருட்டினான். கோமதி தும்பிக்கையால் அவன் வலது கையைத் தடவித் தடவிப் பார்த்தது. அவன் கவளத்தைப் பாதியாகப் பிட்டு, வாசலில் நின்ற ஆண்டியப்பனை நோக்கி அந்தக் கையை நீட்டினான்.

"உள்ள வாங்க சாமி. அது உங்கள ஒண்ணும் செய்யாது" என்றான்.

ஆண்டியப்பன் உள்ளே போனான். கோமதி ஒதுங்கி இடம் கொடுத்தது. இதை நான் பார்க்கவில்லை. புல்லுக்கட்டை வைத்துவிட்டு வாசலில் நின்ற நாகபூஷணம் பார்த்தார்.