பட்டி கிடந்த மேடு

மண் பார்த்துச் சொல்லும் மரகதத்துக்கு நாற்பது வயது. அவளிடம் அந்த வேலையைப் படிக்க வந்த காளியண்ணனுக்கு அறுபத்திரண்டு. ஊர் சிரித்தது. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் என்று அவர் மூன்று வருஷமாக மண்வெட்டியும் கையுமாக அவளோடு நடந்தார்.

அன்றைக்கு அவர் முதல்முறையாகத் தனியே போய் எடுத்த மண், ஒரு துணிப்பையில் வந்தது. சொந்த மகளுக்காக எடுத்தது. பூங்கொடி பதினோரு வருஷமாகத் திருப்பூரில் பனியன் தைக்கிறாள். இப்போது புருஷனோடு ஊருக்கே திரும்பி, நாலு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து மஞ்சள் போடப்போகிறாள். மண் சரியென்றால் வெள்ளிக்கிழமை கையெழுத்து. மகள் பக்கத்திலேயே இருப்பாள் என்ற சந்தோஷத்தில் மனுஷருக்குச் சோறுகூட இறங்கவில்லை.

மரகதம் மண்ணைத் தாளில் கொட்டிப் பரப்பினாள். கருகருவென்று, பொலபொலவென்று இருந்தது. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள். மேல் புல்லைச் செதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்தில், பத்து இடத்தில் எடுத்துக் கலந்தேன் என்றார். அவள் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.

அவள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. காய்ந்த ஆட்டுப் புழுக்கை. இன்னொன்று. அப்புறம் நாலைந்து.

"அங்க பட்டி போட்டிருந்தாங்களா, ஐயா?"

போட்டிருந்தார்கள். போன கோடையில் வயலின் மேட்டுப் பக்கம் இருநூறு ஆடுகளை உரத்துக்காக அடைத்திருந்தார்கள். மேடு அரை ஏக்கர்கூட இராது. பத்து இடமும் அதற்குள்ளேதான். மீதியெல்லாம் பள்ளம்.

"பள்ளத்துப் பக்கம் போகலையா?"

"கால் போகலைங்க, டீச்சர்."

பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவளும் திட்டவில்லை. நாளைக் காலையில் மகளையும் திருப்பூரிலிருந்து வரவழைத்துப் பள்ளத்துக்குக் கூட்டிவரச் சொன்னாள்.

மறுநாள் அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். பூங்கொடி நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். காலையில் ஊற்றிய தண்ணீர் பொழுது சாயும்வரை அப்படியே கிடந்தது. நின்ற தண்ணீரில் மஞ்சள் கிழங்கு அழுகிப்போகும் என்று காளியண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூங்கொடி குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அப்ப எம் மக வரமாட்டாளுங்க, டீச்சர்."

மரகதம் குனிந்து அந்த மண்வெட்டியை எடுத்து, ஒட்டியிருந்த களிமண்ணை வழித்துவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தண்ணி மஞ்சளத்தானுங்க ஐயா வேண்டாங்குது. நெல்லயும் உங்க மகளயும் வேண்டாங்கலையே."