பன்னிரண்டு எழுத்துப் பூட்டும் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகையும்

ஊமத்தங்காட்டில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை யாரும் பார்த்ததில்லை.

மூத்தவர் ஏகாம்பரம் எதையும் எண்ணாமல் நம்பமாட்டார். மாடிக்கு ஏறும்போது படிகளை எண்ணுவார். இறங்கும்போது ஏதாவது குறைந்துவிட்டதா என்று மறுபடியும் எண்ணுவார். அவருடைய ஒரே மகள் செண்பகத்துக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

அந்தச் சமயத்தில் நூலகத்தில் ஒரு டீச்சர் வந்து, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர்களைச் சொல்லிக் கொடுத்தார்: கடிதம் அடிக்க ஒன்று, வைரஸைத் தடுக்க ஒன்று, அடித்ததைப் பூட்டி வைக்க ஒன்று. கடைசியில் ஒரு குறிப்புத் தாளும் கொடுத்தார். அதில் நான்கு குறிப்புகள். தம்பிகள் உட்பட ஆளுக்கு ஒன்று மீதியில்லாமல் வந்ததில் ஏகாம்பரத்துக்குப் பரம திருப்தி.

செண்பகம் மூன்று நாள் உட்கார்ந்து பத்திரிகையை அடித்து முடித்தாள். அடுத்து, பூட்ட வேண்டும். ஏகாம்பரம் முதல் குறிப்பைப் படித்தார்: “பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்.”

“யாரிடமும்னா நம்ம நாலு பேருக்குள்ளயுமா?” என்றார் இரண்டாமவர் மயில்வாகனம்.

“ஆமா. தம்பியும் ஒரு ஆள்தானே?”

“அப்ப போடுற ஆளுக்கு மட்டும் தெரிஞ்சிடுமே அண்ணே. அவரும் ஒரு ஆள்தானே?”

நான்கு பேரும் ஒரு மணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டார்கள். ஆளுக்கு மூன்று எழுத்து. ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பன்னிரண்டு எழுத்தும் விழுந்தன, பூட்டும் விழுந்தது.

“இனிமே திருடன் வந்து கட்டிவச்சு உதைச்சாலும் பாஸ்வேர்டை நம்மால சொல்ல முடியாது!” என்று மூன்றாமவர் பிச்சாண்டி பூரித்துப் போனார்.

இரண்டாவது குறிப்பு: “நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். வீடு தீப்பிடித்தாலும் நகல் தப்பிக்கும்.” பென் டிரைவில் நகல் எடுத்தார்கள். ஊரிலேயே தீப்பிடிக்காத இடம் எது என்று தேடி, அதைக் கிணற்றில் போட்டார்கள்.

அச்சாபீஸ்காரர் திங்கள் மதியத்துக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பத்திரிகை கைக்கு வராவிட்டால் ஊமத்தங்காட்டில் பங்காளிகூடக் கல்யாணப் படி மிதிக்கமாட்டான். திங்கள் காலை நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். சுவரைப் பார்த்தார்கள், அடித்தார்கள். பூட்டு திறக்கவில்லை. மூன்று முறை அடித்தும் திறக்கவில்லை.

“யாரோ தப்பா அடிக்கிறீங்க,” என்றார் ஏகாம்பரம்.

“நான் சரியாத்தான் அடிக்கிறேன்,” என்றார் கடைசித் தம்பி வேலப்பன். “மூணாவது குறிப்பு என்ன? மாசம் ஒருமுறை பாஸ்வேர்டை மாத்தணும். நான் ஒண்ணாந்தேதியே மாத்திட்டேன்.”

“எங்கடா மாத்தினே?”

“மனசுலதான். வெளியில மாத்தினா யாராவது பார்த்துடுவாங்களே.”

“சரி, பழைய மூணு எழுத்தைப் போடு.”

“அதை மறந்துட்டேண்ணே. ஞாபகம் வச்சிருந்தா அப்புறம் மாத்தினதுக்கு என்ன அர்த்தம்?”

நான்கு பேரும் கிணற்றுக்கு ஓடினார்கள். பாதாளக் கரண்டி போட்டு பென் டிரைவை மேலே எடுத்தார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரும் ஒரு சின்ன நத்தையும் வந்தன. மயில்வாகனம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டீச்சர் சொன்னது வாஸ்தவம். எங்கயும் ஒரு கருகல்கூட இல்லை,” என்றார்.

ஏகாம்பரம் தலையில் கைவைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். செண்பகம் வந்து பார்த்தாள். “அப்பா, அடிச்சது நான்தானே? எனக்கு எல்லாம் மனப்பாடம்,” என்றாள். நேரே அச்சாபீஸுக்குப் போய், நின்றபடியே சொல்லி எழுத வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பத்திரிகைகள் அச்சாகி, முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஊரே மகிழ்ந்தது. ஏகாம்பரத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நான்காவது குறிப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது: “நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.” மூலம் பூட்டுக்குள் கிடக்கிறது. அப்படியானால் இந்தக் கல்யாணத்தை எப்படி நம்புவது?

கல்யாண நாளும் வந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்துவிட்டார். “பொண்ணோட அப்பா தாரை வார்க்க வாங்கோ,” என்று ஐயர் கூப்பிட்ட அதே நேரம், பந்திக்கூடத்திலிருந்து கையில் பாதி வடையோடு வேலப்பன் பாய்ந்து வந்தார்.

“அண்ணே! பழைய மூணு எழுத்தும் ஞாபகம் வந்துடுச்சு!”

நான்கு பேரும் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். வரிசையில் நின்றார்கள், சுவரைப் பார்த்தார்கள், அடித்தார்கள். பூட்டு திறந்தது! ஏகாம்பரம் அச்சடித்த பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எண்ணினார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அடடா! கல்யாணம் இன்னிக்குத்தானாம்! முகூர்த்தம் பத்தரை வரைக்கும். மணி இப்பவே பத்தேகால்! நல்லவேளை பார்த்தோம், இல்லேன்னா தவறவிட்டிருப்போம்!” என்று கூவினார்.

மூச்சிரைக்க மண்டபத்துக்குத் திரும்பினார்கள். உள்ளே வந்ததும் நான்கு பேரும் சந்தனம் தொட்டு, கல்கண்டு எடுத்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“அப்பா! மேடைக்கு வாங்க, நேரமாகுது!” என்று செண்பகம் மணையிலிருந்து கத்தினாள்.

ஏகாம்பரம் பத்திரிகையை விரித்துக் காட்டினார். “இரும்மா. சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தணும்னுதான் இதுல இருக்கு. வந்தாச்சு, இருந்தாச்சு, இனி வாழ்த்தறது ஒண்ணுதான் பாக்கி. மேடை ஏறச் சொல்லி ஒரு வரிகூட இல்லையே!”

செண்பகம் மாலையோடு எழுந்து நின்றுவிட்டாள். தம்பிகள் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு வேலப்பன் முகம் மலர நிமிர்ந்தார்.

“அதுக்கென்னண்ணே? பாஸ்வேர்டுதான் கிடைச்சிடுச்சே. ஓடிப்போய் அந்த ஒரு வரியைச் சேர்த்துட்டு வந்துடலாம்!”

நான்கு பேரும் எழுந்தார்கள்.