பெருமாளுக்கு நடக்கிற முறை

பெருமாள் பல்லக்கைச் சுமந்து சுமந்து தோள் காய்த்துப்போனவன் குப்பாண்டி. அவன் மகளை ஜமீன்தார் மூன்றாந்தாரமாகக் கேட்டார். மறுத்தால் ஊரில் குடியிருக்க முடியாது.

"பெருமாளுக்கே எத்தனை தேவிமார்! எனக்கு மூணு ஆகாதாடா?"

குப்பாண்டி அலுப்பாகப் பெருமூச்சு விட்டான். "ஆகும் சாமி. பெருமாளுக்கு நடக்கிற முறைப்படியே நடத்திடுவோம். மட்டையடித் திருவிழாவுல அவரு இன்னொரு தேவியைப் பார்த்துட்டுத் திரும்பினா, தாயார் கதவைச் சாத்திக்கிறாங்க. ஊரே பார்க்க அவருக்கு வாழைமட்டையால அடி விழுது. வருஷா வருஷம் பல்லக்கோட நானுந்தானே முன்னும் பின்னும் ஓடுறேன்? உங்க ரெண்டு அம்மாமார்கிட்டயும் முறையைச் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

"என்னடா சொன்னாளுங்க?"

"ஒண்ணும் சொல்லலை சாமி. அரிவாளை எடுத்துக்கிட்டு வாழைத்தோப்புக்குப் போனாங்க."

கொல்லைப்பக்கத் தோப்பில் ஒரு வாழைமரம் தடாலென்று சாய்ந்தது. இன்னொன்றும் சாய்ந்தது.

ஜமீன்தார் குரலைத் தாழ்த்தினார். "உன் பொண்ணுக்கு நல்ல பையனாப் பாருடா. கல்யாணச் சாப்பாடு என்னோடதுன்னு தோப்புக்குப் போய் அவளுங்ககிட்டச் சொல்லு, சீக்கிரம்!"