ஐஸ் பேக்டரி டோஜோவின் வாசல்

“இருட்டின பிறகு வீட்டுக்குள்ள செருப்புச் சத்தம் கேக்குது” என்றாள் ஜெனோவா.

சென்செய் எண்ணுவதை நிறுத்தவில்லை. இச்சி, நி, சான், ஷி. இருபது பிள்ளைகள் ஒரே மூச்சில் காற்றைக் குத்தினார்கள்.

பத்து வரை எண்ணி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

“யாரு செருப்பு?”

“ஹவுஸ் ஓனரோடது. ரூபஸ் அண்ணன். மாடியில இருக்காங்க. மோட்டார் சுவிட்ச் எங்க அடுப்படி நடையில இருக்கு. தினமும் ஏழே முக்காலுக்குப் போட வருவாரு. அதுவரைக்கும் கதவைத் தாழ் போடாதேன்னு சொல்லியிருக்காரு.”

“செருப்போடயா வருதாரு?”

“முதல்ல நடையோட திரும்பிடுவாரு. அப்புறம் பிரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்சாரு. நேத்து நானும் பாப்பாவும் படுத்திருந்த ரூம் வாசல்ல வந்து நின்னாரு. ஒண்ணும் பேசல. நின்னுக்கிட்டே இருந்தாரு.”

“உங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லையா?”

“கப்பல்ல. வர ஏழு மாசம் ஆகும்.”

சென்செய் என்றால் ஆசிரியர். அவள் பெயர் இசக்கி. வயது இருபத்துமூன்று. பகலில் துறைமுக ரோட்டுப் பெட்ரோல் பங்கில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு, மூடிக்கிடந்த ஒரு ஐஸ் பேக்டரியின் சிமெண்டுத் தரையில் கராத்தே சொல்லித்தருவாள்.

ஜெனோவா அவளைவிட ஆறு வயது மூத்தவள்.

“எனக்கு அடிக்கக் கத்துக்குடுங்க, சென்செய். சீக்கிரமா.”

“எப்படி உள்ள வந்தீங்க அக்கா?”

“மினிபஸ்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சென்செய் சிரிக்கவில்லை.

“இந்த வாசல் வழியா எப்படி வந்தீங்கன்னு கேட்டேன்.”

“நடந்துதான்.”

“பாத்தேன். வெளிய போயிட்டுத் திரும்ப வாங்க.”

ஜெனோவா வெளியே போனாள். திரும்ப வந்தாள்.

“இன்னொரு தடவை.”

போனாள். வந்தாள்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை வாசல் பக்கத்தில் நின்ற தர்ஷிகா இரக்கப்பட்டாள். ஒன்பது வயது, மஞ்சள் பெல்ட்.

“ஆன்ட்டி, செருப்பைக் கழட்டி மூக்கு வெளிய பாக்குற மாதிரி ஜோடியா வைங்க. வாசல்ல நில்லுங்க. கையைப் பக்கத்துல ஒட்டிக்கிட்டுக் குனியுங்க. அதுக்குப் பேரு ரெய். சென்செய் திரும்பக் குனிஞ்சப்புறம்தான் வரணும்.”

ஜெனோவா குனிந்தாள்.

சென்செயும் அதே அளவு குனிந்தாள்.

“வாங்க அக்கா” என்றாள்.



டோஜோவில், அதாவது கராத்தே பழகும் இடத்தில், வயது கணக்கில்லை. பெல்ட்தான் கணக்கு. வரிசையின் கடைசியில், ஏழு வயதுப் பையனுக்கும் கீழே, வெள்ளை பெல்ட்டோடு ஜெனோவா உட்கார்ந்தாள்.

முதல் நாள் சீருடையின் வலப்பக்கத்தை மேலே மடித்துக் கட்டிவிட்டாள்.

“ஐயோ ஆன்ட்டி, இடதுதான் மேல வரும்” என்றாள் தர்ஷிகா. “ஜப்பான்ல செத்தவங்களுக்குத்தான் இப்படிக் கட்டுவாங்களாம்.”

“நான் இன்னும் சாகலம்மா.”

“அப்ப மாத்திக் கட்டுங்க.”

கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் முதல் பெஞ்சில் இருந்தவள் அவள். பழைய டைரி ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் ஜப்பானியச் சொல், எதிர்ப்பக்கம் தமிழ். சேய்சா, குதிகாலில் உட்காருவது. யோய், தயார். ஹஜிமே, ஆரம்பி. யாமே, நிறுத்து. இடது முட்டியை முதலில் இறக்க வேண்டும், எழும்போது வலது கால் முதலில். நான்காம் நாள் அத்தனையும் தடையில்லாமல் ஒப்பித்தாள்.

சென்செய் கண்கள் கொஞ்சம் விரிந்தன. “பச்சை பெல்ட்டுக்கே இவ்வளவு தெரியாது” என்றாள்.

ஜெனோவாவுக்குக் கழுத்து நிமிர்ந்தது. பத்தாம் வகுப்பில் மெடல் வாங்கிய பிறகு அது அப்படி நிமிர்ந்ததே இல்லை.

“அப்ப அடி எப்போ சென்செய்?”

“நாளைக்கு.”

மறுநாளும் அதைத்தான் சொன்னாள். அதற்கு மறுநாளும்.

ஏழே முக்கால் ஆனால் ஜெனோவா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பாள். மோட்டார் நின்ற பிறகுதான் வீட்டுக்குள் போவாள். பிள்ளைக்குச் சளி பிடித்தது.



இரண்டாவது வாரம் ஒருநாள் பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் விடப்போனபோது பாப்பா கையை விடாமல் அழுதிருந்தாள்.

வகுப்பு ஆரம்பித்திருந்தது. தாமதமாக வருகிறவர்கள் வாசலிலேயே சேய்சாவில் உட்கார்ந்து, சென்செய் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது டைரியில் இருந்தது.

ஜெனோவா வாசலில் மண்டியிட்டாள். முட்டி மட்டும் தரையில். கைகளைக் கூப்பி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் ஜெப நேரத்தில் சிரித்ததற்கு சிஸ்டர் நிறுத்திவைத்த மாதிரியே.

கண்ணீர் சிமெண்டில் விழுந்தது.

சென்செய் வந்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம், இவளுக்கு நேர் எதிரே, தானும் உட்கார்ந்தாள்.

“யாரு அக்கா உங்களைத் தண்டிச்சது?”

“நீங்கதானே முட்டி போடச் சொன்னீங்க.”

“குதிகால்ல உக்காருங்க. முதுகை நிமித்துங்க. கையைத் தொடையில வைங்க. ம். இப்ப என்னைப் பாருங்க.”

“லேட்டா வந்துட்டேன். சாரி சென்செய்.”

“சாரி கேக்கச் சொல்லலயே. உள்ள வரலாமான்னு கேக்கச் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

சென்செய் குனிந்து ரெய் செய்துவிட்டு, எழுந்து வகுப்புக்குப் போனாள்.



இருபதாம் நாள் ஜெனோவா வந்த வேகத்தில் ரெய்யைக்கூடப் பாதிதான் செய்தாள்.

“நேத்து நான் தெருவுல நடக்குறப்ப என் ரூம்ல லைட் எரியுது, சென்செய். உள்ள போய்ப் பாத்தா கட்டில் விரிப்புல செருப்புத் தடம்.”

சென்செய் முகம் இறுகியது.

“கூட வரட்டா?”

“எத்தனை நாள் வருவீங்க? இருபது நாளாச்சு. உக்காரவும் எந்திரிக்கவும் குனியவும்தான் எனக்குத் தெரியும். இதை வச்சு நான் என்ன செய்ய?”

“வரிசையில நில்லுங்க அக்கா.”

“சென்செய்.”

“வரிசையில நில்லுங்க. இன்னைக்குக் குத்து ஆரம்பிக்குதேன்.”

அப்போது வெளியே கார் வந்து நின்றது.

பெல்லார்மின் ஐயா இறங்கினார். ஐஸ் பேக்டரி அவருடையது. தரையும் கூரையும், அதற்கு மேலே ஓடும் கரண்டும் அவருடையதுதான். கூட ஒரு விருந்தாளி. இடத்தைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார்.

உள்ளே மூத்த மாணவர்கள் கத்தா செய்துகொண்டிருந்தார்கள். அடிகளைக் கோர்த்த ஒரு நீண்ட வரிசை அது. இடையில் நிறுத்தக்கூடாது. சென்செய் வாசலைப் பார்க்கவும் இல்லை.

பெல்லார்மின் ஐயா ஷூவைக் கழற்றினார். வாசலிலேயே நின்றார். முட்டிவலிக்காரர் என்பதால் உட்கார முடியாது. இரண்டு கைகளையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

“என்ன சார், உங்க இடத்துக்குள்ள போக உங்களுக்கே பர்மிஷனா?” என்று விருந்தாளி சிரித்தார்.

“சும்மா இரும்வே. இன்னும் முடியல.”

நான்கு நிமிஷம் ஆனது.

கத்தா முடிந்தது. சென்செய் திரும்பிக் குனிந்தாள். பெல்லார்மின் ஐயா வயிறு இடம்கொடுத்த அளவு குனிந்தார்.

“வரலாமா சென்செய்?”

“வாங்க ஐயா.”

வரிசையின் கடைசியிலிருந்து ஜெனோவா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அவரு இடம்தானே?” என்று தர்ஷிகாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு அவரு கேக்கணும்?”

இவ்வளவு சொல் மனப்பாடம் செய்த ஆன்ட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று தர்ஷிகா பார்த்தாள்.

“சென்செய் உள்ள இருக்காங்கல்ல.”

ஜெனோவா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“நான் வீட்டுக்குப் போகலாமா சென்செய்?”

“குத்து ஆரம்பிக்கப் போறேனே அக்கா.”

“நாளைக்குக் கத்துக்கறேன்.”

சென்செய் அவள் முகத்தைப் பார்த்தாள். குனிந்தாள். இந்தத் தடவை ஜெனோவாவைவிட ஒரு சாண் அதிகமாகவே குனிந்தாள்.



அன்று ஏழே முக்காலுக்கு ஜெனோவா தெருவுக்குப் போகவில்லை.

பாப்பாவைத் தூங்க வைத்தாள். கதவைத் திறந்துவைத்து, நிலைக்கு உட்பக்கம் நின்றாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கியது.

“என்ன, வழியில நிக்க?” என்றார் ரூபஸ்.

“என்ன வேணும் அண்ணே?”

“என்ன வேணுமா? மோட்டார் போடணும்.”

“நான் போடுறேன். நீங்க இங்கயே இருங்க.”

“நகரு. என் வீட்டுக்குள்ள போறதுக்கு உங்கிட்டக் கேக்கணுமோ?”

“ஆமா அண்ணே. கேக்கணும்.”

அவர் சிரித்தார். “கராத்தே கிளாஸுக்குப் போறியாமே. என்ன, அடிப்பியோ?”

“அடிக்க இன்னும் சொல்லித்தரல.”

ஒரு செருப்புக்கால் நிலையைத் தாண்டி உள்ளே வந்தது.

ஜெனோவா காலைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். சாரி என்ற சொல் பழக்கத்தில் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள்.

“இந்த வீட்டுல நான் இருக்கேன்” என்றாள். கத்தவில்லை. எதிர்வீட்டுக்கும் மாடிக்கும் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். “நான் வாங்கன்னு சொன்னாத்தான் நீங்க வரணும். நான் சொல்லல.”

எதிர்வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது.

மாடியில் ஜன்னல் திறந்தது. “என்னங்க? அங்க யாருகிட்டப் பேசுதீய?” என்று ரூபஸின் மனைவி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. மோட்டார்” என்றார் ரூபஸ்.

செருப்புக்கால் வெளியே போனது.

ஜெனோவா அடுப்படி நடைக்குப் போனாள். அவசரப்படவில்லை. சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடத் தொடங்கியது. திரும்பி வந்து பார்த்தாள்.

கதவு திறந்தே இருந்தது. ரூபஸ் படிக்கு வெளியே, விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“தண்ணி நிரம்பினதும் நானே நிறுத்திடுவேன்” என்றாள். “நாளையிலேருந்து மாடியிலேருந்து குரல் குடுத்தாப் போதும். நான் போடுறேன்.”

கைகளைப் பக்கத்தில் ஒட்டி, கண்ணை எடுக்காமல், ஒரு விரற்கடை அளவு குனிந்தாள்.

கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.